கடைசியாகத் திருக வேண்டிய ஸ்குரூ

கொல்கத்தாவின் இரண்டாம் ஹூக்ளி பாலத்திலிருந்து வரும் கோனா எக்ஸ்பிரஸ்வே, சாந்த்ராகாச்சியில் ரயில் பாதைகளுக்கு மேலே ஏறிச் செல்கிறது. அந்த மேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டால் வண்டிகள் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். பழைய பெட்ரோல் பிக்-அப்பின் குட்டு வெளிப்படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். ஓட்டத்தில் ஒழுங்காக இருந்த எஞ்சின் நின்றதும் குலுங்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும்.

உடனே கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்குரூவை ஒரு சுற்று திருகுவதுதான் வழக்கம். எஞ்சின் வேகம் கூடும், அணையாது. டிரைவருக்கும் திருப்தி. ஆனால் கோளாறு அப்படியே இருக்கிறது. பெட்ரோல் அதிகம் செலவாகும். சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் சில நொடிகள் உதறிக்கொண்டே ஓடக்கூடும்.

ஹௌராவுக்கு வடக்கே உள்ள உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை அம்பாசடர் தயாரானது. பல ஆண்டுகள் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினானாலும் சரி, அதே காலத்து பிக்-அப் எஞ்சினானாலும் சரி, பழுது பார்க்கும் வரிசை ஒன்றுதான்: டாப்பெட், பாயிண்ட், டைமிங், கடைசியில் கார்புரேட்டர்.

முதலில் டாப்பெட் இடைவெளியையும் பிளக்குகளையும் பார்க்க வேண்டும். அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். அது கருகியிருந்தால் மாற்றிவிட்டு, ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பாயிண்டைத் தள்ளும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், ஸ்பார்க்கும் தாமதமாகும். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பாயிண்டைத் தொட்டால், செய்த வேலை வீண்.

டைமிங் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் வரும்போது, புல்லியில் உள்ள குறியை மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் காயில் வயர் முனையிலும், மற்றதை எஞ்சின் பாடியிலும் இணைக்க வேண்டும். சாவியைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே இறுக்கிவிடலாம். ஸ்பார்க் முந்தினால் ஏற்றத்தில் எஞ்சின் ‘நாக்’ அடிக்கும். பிந்தினால் இழுவை குறையும், சூடேறும்.

அதன் பிறகும் ஐட்லிங் தள்ளாடினால், காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். சோக்கைச் சற்று இழுத்ததும் எஞ்சின் சீராகிறதா? அப்படியானால் காற்று அதிகமாகிறது, அல்லது பெட்ரோல் குறைகிறது. வாக்குவம் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கட், தேய்ந்த திராட்டில் தண்டு, அடைபட்ட ஜெட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். 2025-க்குள் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டதால், பழைய ரப்பர் குழாய்களை அடிக்கடி பார்ப்பதும் அவசியம். எல்லாம் முடிந்து எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் ஸ்குரூவில் கை வைக்க வேண்டும்.

ஐட்லிங் வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. பெட்ரோல் வண்டிகளின் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளக்கப்படுவது ஐட்லிங்கில்தான். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர வண்டிகளுக்கு வரம்பு 3 சதவீதம். பரிசோதனைக்காக மட்டும் பெட்ரோலைக் குறைத்து வைத்தால், சான்றிதழ் கிடைக்கலாம். பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுத் திணறும்.

ஆனால் சாந்த்ராகாச்சியில் செலவு செய்யுமுன் இன்னொன்றையும் பார்ப்பது நல்லது. 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களைக் கொல்கத்தா பெருநகரப் பகுதியிலிருந்து விலக்க 2008-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொல்கத்தா, ஹௌரா இரண்டிலும் பழைய வண்டிகளை ஓரங்கட்டச் சொன்னது. எனவே மெக்கானிக்கிடம் போகும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது புத்திசாலித்தனம். எஞ்சினின் டைமிங்கைச் சரிசெய்யலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டை மாற்ற ஸ்குரூ கிடையாது.