விடுப்பை விற்பது இருக்கட்டும், எடுக்கவும் வையுங்கள்

கொரோனாவைக் காரணம் காட்டி 2020-இல் நிறுத்திய ஈட்டிய விடுப்புச் சரணைத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபர் 1 முதல் திரும்பக் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு 15 நாள் விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளலாம். ஊழியர்களுக்கு உரிய பணம்தான்; அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால், 1933-இன் விடுப்பு விதிகளைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் எவ்வளவு சேர்க்கலாம், எவ்வளவு விற்கலாம் என்பதிலேயே முடிந்துபோகிறது. எடுக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் 31-உடன் காலாவதியாகும் தற்செயல் விடுப்பு 12 நாளையும் கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடுபவர்கள்கூட ஈட்டிய விடுப்பைத் தொடுவதில்லை. ஓய்வுபெறும்போது 240 நாள் வரை காசாக்கலாம் என்றால் எவர்தான் தொடுவார்?

வங்கிகளைப் பாருங்கள். முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 10 வேலைநாள், முன்னறிவிப்பின்றித் தொடர் விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. அந்த நாட்களில் கோப்பையும் தொடக்கூடாது, கணினியையும் தொடக்கூடாது. அக்கறையால் மட்டும் வந்த விதியல்ல இது. ஒருவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்தால்தான் ஒளித்துவைத்தது வெளியே வரும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இந்த விதி பொருந்தாதா? அங்கேதானே பட்டாவும் பத்திரமும் புரள்கின்றன.

எனவே, நிலமும் பணமும் கையாளும் இருக்கைகளில் ஆண்டுக்குப் பத்து நாள் தொடர் விடுப்பு எடுத்தவருக்கே சரண் என்று விதியைத் திருத்த வேண்டும். 240 நாள் சேமிப்பு போய்விடும் என்று சங்கங்கள் அஞ்சத் தேவையில்லை. ஆண்டுக்குக் கிடைக்கும் 30-இல் பத்தை எடுத்துவிட்டுச் சரணும் செய்யாதவருக்குப் பன்னிரண்டே ஆண்டில் அது நிரம்பிவிடும். காலிப் பணியிடங்களை வைத்துக்கொண்டு மாற்று ஆளுக்கு எங்கே போவது என்பது மட்டும் நியாயமான கேள்வி. 'சார் லீவு, திங்கட்கிழமை வாங்க' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் மக்களுக்கும் அதே கேள்விதான். ஒவ்வோர் இருக்கைக்கும் மாற்று அலுவலர் யார் என்று எழுத்தில் இல்லாதவரை எந்த விடுப்பு விதியும் மக்கள் தலையில்தான் விடியும்.

மக்களின் அலைச்சலைக் குறைக்க வேலைநேரத்தைக் கூட்ட வேண்டும் என்ற வாதமும் அவ்வப்போது எழுகிறது. மத்திய அரசு அலுவலகங்களைக் காட்டுவார்கள். மாநில அரசு அலுவலகங்களின் காலை 10 முதல் மாலை 5.45 வரை என்பதை நீட்டுவதால் பெரிய பலனில்லை. அந்த நேரத்தில் கூலிக்காரரும் வேலையில்தான் இருக்கிறார்; ஒரு சான்றிதழுக்காக ஒருநாள் கூலியை இழக்கிறார். மொத்த மணிநேரத்தைக் கூட்டாமல், பாதிப்பேர் 8 மணிக்கும் மீதிப்பேர் 11 மணிக்கும் வரும்படி முறைவைத்தாலே அவர் வேலைக்குப் போகுமுன் மனுவைக் கொடுத்துவிடலாம்.

ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு இருமுறை ஈட்டிய விடுப்பு கணக்கில் ஏறுகிறது. அடுத்த தவணை ஏறுமுன் பதிவுத்துறை, வருவாய்த்துறை, கருவூலம் ஆகிய மூன்றிலாவது பத்து நாள் விடுப்புத் திருத்தத்துக்கு அரசாணை வரவேண்டும்.