ஊழியர் லிஸ்பனில், எஜமானர் லண்டனில்

வெளிநாட்டுக் கம்பெனியிடம் சம்பளம் பெற்றுக்கொண்டு தங்கள் தேசத்தில் வந்து வசிக்க விரும்புவோருக்குப் போர்ச்சுகல் சர்க்கார் 2022 அக்டோபர் 30 முதல் தனி விசா வழங்கி வருகின்றனர். மனுதாரரின் மாத வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. 2022-ல் அச்சம்பளம் 705 யூரோ. ஆகவே 2,820 யூரோ சம்பாதிப்பவருக்கே கதவு திறந்தது. பணமுள்ள விருந்தாளியை வரவேற்க எந்தச் சர்க்காரும் தயங்குவதில்லை. ஆனால் அவ்விருந்தாளி ஓர் ஊழியருமாவார் என்பதை மறத்தலாகாது.

லண்டன் கம்பெனியொன்றின் ஊழியர் லிஸ்பன் நகரில் குடியேறி, இன்டர்நெட் மூலம் பழைய வேலையையே செய்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேஜை மட்டுமே இடம் மாறிற்று, மற்றவை முன்போலவே என்று அவரும் எண்ணுகிறார், கம்பெனியாரும் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் தங்கியவரைப் போர்ச்சுகலின் வரிச் சட்டம் தன் நாட்டுவாசியாகவே கொள்கிறது. 2021 முதல் அமலிலுள்ள பிரிட்டிஷ்–ஐரோப்பிய உடன்படிக்கையின் பொது விதிப்படி, வேலை எங்கே நடக்கிறதோ அங்கேயே சமூக இன்ஷ்யூரன்ஸ் சந்தாவும் செலுத்தப்பட வேண்டும். எஜமானரே சில காலத்திற்கு அனுப்பிவைத்த ஊழியருக்கு விலக்கு உண்டு; தாமாகக் குடிபெயர்ந்தவருக்கு அது பொருந்தாது.

தொழிற் சட்டமும் அத்தகையதே. ஒப்பந்தத்தில் இங்கிலீஷ் சட்டமே செல்லும் என்று எழுதியிருப்பினும், ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் கட்டாயப் பாதுகாப்புகளைப் பறிக்க ஐரோப்பிய யூனியனின் 2008-ம் வருஷத்து ரோம் விதி பொதுவாக இடந்தருவதில்லை. போர்ச்சுகலில் அப்பாதுகாப்புகள் அற்பமானவையல்ல. வருஷத்தில் 22 வேலை நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. நியாயமான காரணமின்றி வேலையினின்று நீக்குவதை அரசியல் சட்டத்தின் 53-வது ஷரத்து தடுக்கிறது. ஓய்வு நேரத்தில் ஊழியரை அழைத்துத் தொந்தரவு செய்யலாகாது என்ற விதியும் 2022 ஜனவரி முதல் அமலிலிருக்கிறது.

இக்கடமைகளைத் தட்டிக்கழிக்கக் கம்பெனிகள் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. "நீர் இனி எமது ஊழியரல்லர், சுயேச்சையான கான்ட்ராக்டர்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவதே அது. வேலையும் மேலதிகாரியும் வேலை நேரமும் மாறுவதில்லை. விடுமுறையும் பென்ஷனும் உத்தியோக நிச்சயமும் மட்டும் மறைந்துபோகின்றன. காகிதத்திலுள்ள பெயரைவிட நடைமுறையே முக்கியம் என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டே ஊபர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஓர் ஊழியர் கடற்கரை நகரை விரும்பினார் என்பதற்காக, அன்னிய நாட்டுச் சட்டச் சுமையை நாம் ஏன் ஏற்க வேண்டும் என்று கம்பெனியார் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர்கள் சம்மதம் மறுக்கலாம், அதற்குத் தடையில்லை. சம்மதித்து உழைப்பைப் பெற்றுக்கொண்ட பின்னர், அவ்வுழைப்புக்குரிய கடமையை உதறுவது தகாது. விசா வழங்கும் சர்க்காரும் வருமானக் கணக்கோடு நில்லாமல், மனுதாரர் உண்மையில் சுயேச்சைத் தொழிலாளர்தானா என்பதையும் ஆராய்வது அவசியம். சந்தா செலுத்துவது யார், எந்நாட்டுச் சட்டம் செல்லும் என்ற இரண்டையும் எழுத்து மூலம் உறுதிசெய்து கொள்ளாமல் எந்த ஊழியரும் விமானம் ஏறலாகாது. சம்பளம் எங்கிருந்து வந்தபோதிலும், உழைப்பவன் நிற்கும் மண்ணின் சட்டமே அவனுக்குக் காவல்.