பம்பு சர்வீஸ் செய்த பிறகும் நின்றுபோகும் டிராக்டர்

கேள்வி: "எங்களுடைய பழைய மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு டீசல் பம்பு சர்வீஸ் செய்து, இரண்டு ஃபில்டரும் மாற்றினோம். அதிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் ஓடுகிறது, சேற்றுழவில் இறக்கினால் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஏர் லாக் எடுத்தால் மறுபடி ஓடுகிறது. எங்கும் டீசல் ஒழுகவில்லை. பம்பைத் திரும்பக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நாற்றுக்கு 25 நாள் ஆகிவிட்டது. என்ன செய்வது?"
- வாசகர், திருத்துறைப்பூண்டி.

ஏர் லாக் எடுத்ததும் ஓடுகிறது என்று வாசகர் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். பம்பின் உள்பாகம் தேய்ந்திருந்தால், காற்றை வெளியேற்றியதும் வண்டி பழையபடி ஓடாது. எங்கோ ஓரிடத்தில் காற்று உள்ளே போகிறது என்றே கொள்ள வேண்டும். அதனால் பம்பில் இன்னொரு முறை கை வைப்பதற்கு முன், டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள பாதையைப் பார்ப்பது நல்லது.

டீசல் ஒழுகாததை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஃபீட் பம்புக்கு அப்பால் பிடிப்பு தளர்ந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். ஃபீட் பம்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது காற்றைத்தான் இழுக்கும். டேங்க் மூடியிலுள்ள சிறு துளை சேறு பிடித்து அடைத்திருந்தாலோ, டேங்க் குழாயின் வலையில் துரு படிந்திருந்தாலோ இழுவிசை கூடி, இது இன்னும் மோசமாகும். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளைதான் காரணம். ஊசியால் குத்திவிட்டால் போதும்.

அப்படி இல்லையென்றால் ஒரு கேன் சோதனை. சுத்தமான 5 லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்பைவிட உயரமாக, சைலென்சருக்கு எட்டாத இடத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்து, ஏர் லாக் எடுத்து, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். நிற்காமல் ஓடினால் பம்பின் மேல் பழி இல்லை. டேங்க், வலை, ரப்பர் குழாய், கிளாம்பு இவற்றில்தான் கோளாறு. கேனிலும் நின்றால், ஃபில்டர் தலைப்பில் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டு மூடிவிடுவது அவசர வேலையில் சகஜம். போல்ட்டுகளில் இருக்கும் செம்பு வாஷரையும் ஒருமுறை நசுங்கிய பிறகு திரும்பப் போட்டால் சரியாகப் பிடிக்காது. புது வாஷர் சில ரூபாய்தான். உடனே கிடைக்காவிட்டால் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் செம்பு இளகிவிடும்.

ஏர் லாக் எடுப்பதிலும் வரிசை உண்டு. முதலில் ஃபில்டர், அடுத்து பம்பு, கடைசியில் நாசில் குழாய் நட்டுகள். குமிழி இல்லாத டீசல் வரும்வரை விட வேண்டும்.

காற்றே இல்லை, ஆனால் வெள்ளைப் புகையும் இழுவைக் குறைவும் இருக்கிறது என்றால் விஷயம் வேறு. பம்பைத் திரும்ப மாட்டும்போது டைமிங் குறி விலகியிருக்கலாம். அது வயலில் பார்க்கிற வேலை அல்ல. பம்பை மாட்டிய மெக்கானிக்கே வந்து குறியைச் சரிபார்க்க வேண்டும். ஆயில் குச்சியையும் எடுத்துப் பார்ப்பது அவசியம். ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பம்பு வேலை முடிந்த வண்டியை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது, ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டைக் கையோடு வைத்திருப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். கவர்னர் சிக்கிக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடினால், ஸ்டாப் லீவரை இழுத்தாலும் சில சமயம் நிற்காது. காற்றை அடைத்தால் நிற்கும். பலகைக்குப் பதிலாக உள்ளங்கையை வைத்துவிடக் கூடாது.

நாசில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. பழைய இன்ஜின்களிலேயே டீசல் சுமார் 200 பார் அழுத்தத்தில் பீய்ச்சும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரிடலாம். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். குத்திவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காமன் ரெயில் உள்ள புது டிராக்டர்களில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும் என்பதால், ஓடும்போது நாசில் நட்டைத் தளர்த்தும் பேச்சுக்கே இடமில்லை.

கேன் சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்குள் தீரவில்லை என்றால் நாற்றைக் காக்க வைக்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்து சேற்றுழவை முடித்துக்கொண்டு, சொந்த வண்டியை நிதானமாகப் பார்க்கலாம்.