வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வேண்டாம்

கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தைச் சுற்றி வாழும் சில குடும்பங்களும், அவர்களோடு பழகும் சில சட்டத்தரணிகளும் கொழும்புத் தமிழ் பேசும் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் எவரும் தமக்கு வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். கைதானவரின் வீட்டை அயலவர் கைவிட்டுவிடவும் வேண்டாம்.

ஏன் என்பதைச் சிங்கராசா வழக்கு சொல்லும். 1993 ஜூலையில் மட்டக்களப்பில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழர் அவர். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அவர் சொன்னதாகச் சிங்களத்தில் தட்டச்சான ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிளே. அந்தத் தாளை நம்பி 1995 இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் 35 ஆண்டானது. சித்திரவதை செய்து வாங்கினார்கள் என்றார் அவர். அதை நீயே நிரூபி என்றது சட்டம். அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கண்டது. அந்த முடிவோடு திரும்பவும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 இல் மனு தள்ளுபடியானது.

சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. சாட்சியக் கட்டளைச் சட்டம் போட்ட அந்த வேலியைப் பிடுங்கியது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979 இல் தற்காலிகமாக வந்து 1982 இல் நிரந்தரமான அச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பதிந்த வாக்குமூலத்தை ஏற்கச் சொன்னது. 2022 திருத்தம் தடுப்புக்காவலின் உச்சகாலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. வாக்குமூல விதியில் கை வைக்கவில்லை.

கொச்சிக்கடையில் இதைப் பேசுவது எளிதல்ல. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை குண்டு வெடித்த கோவில் இங்கேதான் இருக்கிறது. குண்டு வைத்தவனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களின் வலி இக்குழுவினரின் வலியும்தான். ஆனால் அதற்குப் பிந்திய கைதுகளில் சிக்கியவர்களுள் ஒரு கவிஞரும் இருந்தார். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மேயில் பிடிக்கப்பட்ட அஹ்னாப் ஜஸீம், 19 மாதங்களின் பின்னரே பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் உள்ளே இருந்த நாட்களால் கோவிலில் பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கு நீதி கிடைத்தது?

அந்தத் தாய்மாருக்குத் திறந்த கதவும் கைதானவருக்குத் திறக்கும் கதவும் ஒன்றே: அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மனு. அந்த வழியில்தான் 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. 2007 ஜூன் 7 இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோதும், மறுநாளே இடைக்காலத் தடை வாங்கித் தந்தது இதே மனுதான். உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் நாள் தவறவிடுகிறார்கள்.

கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது 13 ஆம் உறுப்புரை. சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், தடுப்புக்காவல் உத்தரவு இல்லையென்றால், 72 மணித்தியாலம். அச்சட்டத்தில் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். வீட்டாரும் 1996 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். விரும்பிய மொழியில் வாக்குமூலம் கொடுக்கலாம் என்று 2006 ஜூலையில் வந்த ஜனாதிபதிப் பணிப்புரையே சொன்னது. ஆகவே தமிழில் எழுதும்படி கேளுங்கள் என்கிறார்கள் இவர்கள்.

அயலவரிடம் கேட்பது இன்னும் சிறியது. ஒரு வீட்டுப் பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோனால், தெருவில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அன்றிரவே அந்த அம்மாவோடு பொலிஸ் நிலையம் போகட்டும். எத்தனை மணிக்கு, யார், எதற்காகக் கைது செய்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் காலை புதுக்கடை நீதிமன்ற வாசலில் அந்த அம்மா தனியே நிற்காதபடி இன்னும் இரண்டு பேர் கூடவே இருக்கட்டும்.