எடுத்த எடுப்பில் பார்மட் வேண்டாம்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் அடிக்கடி கிராஷ் ஆகின்றனவா? மயிலாப்பூரானாலும் அடையாறானாலும் முதலில் கிடைக்கும் யோசனை, "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பதுதான். பேக்கப் எடுக்காமல் தலையாட்டினால் குடும்பப் போட்டோக்களும் போய்விடும். காரணம் தெரியாமல் பார்மட் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

கடைசியாக என்ன மாறியது என்று பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. சென்னை விமான நிலையத்திலும் விமானங்கள் தாமதமாயின. அதற்குக்கூட பார்மட் தேவைப்படவில்லை. சேப் மோடில் நுழைந்து, பழுதான பைலை நீக்கினாலே போதும் என்றார்கள்.

உங்கள் விண்டோஸிலும் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறக்கவும். எந்தப் புரோகிராம் என்று நின்றது, அதற்கு முன் எது இன்ஸ்டால் ஆனது என்று தேதிவாரியாகக் காட்டும். ஒரே புரோகிராம்தான் தகராறு என்றால் அதை மட்டும் நீக்கி மீண்டும் இன்ஸ்டால் செய்யவும். பல புரோகிராம்கள் மாறி மாறி நின்றால், 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' மூலம் ராமைச் சோதிக்கவும். ராம் பழுதாக இருந்தால், பத்து முறை பார்மட் செய்தாலும் பயனில்லை!

டெக்னீஷியன் வந்தால், "காரணம் என்ன?" என்று முதலில் கேளுங்கள்.