வீட்டுத் தூய்மையும் ஊர்த் தூய்மையும்

ஒரு நகரின் சிறப்பை அதன் மாளிகைகளையும் கோபுரங்களையும் கொண்டு அளப்பது மக்கள் வழக்கம். அந்நகரின் கழிவுநீர் எவ்வழிச் செல்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் ஊரின் நல்வாழ்வை அறிய விரும்புவோர் முதற்கண் கேட்கத்தக்க கேள்வி இதுவே என்பது என் கருத்து.

சிந்து வெளியில் 4000 ஆண்டுகளுக்கு முன் விளங்கிய மொகஞ்சதாரோவில் வீடுகள் பலவற்றிற் குளிக்கும் அறை இருந்தது. அவ்வறையின் நீர் தெருவிலுள்ள செங்கற் கால்வாயை அடைந்தது. கால்வாய்கள் மூடப்பட்டிருந்தன; கசடு தங்குவதற்குக் குழிகளும் ஆங்காங்கே அமைந்திருந்தன. மறைவாக ஓடும் இத்தகைய நீர்வழியைப் பழந்தமிழர் சுருங்கை என்றனர். தூய்மை என்பது வீட்டு வாயிலோடு முடிந்துவிடுவதன்று என்பதை அந்நகர மாந்தர் அறிந்திருந்தனர்.

இவ்வுண்மையை இலண்டன் மாநகரம் பெருந்துன்பத்திற்குப் பின்னரே உணர்ந்தது. 1778ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா என்பவர் நீரால் அலசப்படும் கழிப்பறை ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். செல்வர் இல்லங்களில் இத்தகைய கழிப்பறைகள் மெல்லப் பரவின. வீடு தூய்மையாயிற்று, ஊரோ நாறியது. கழிப்பறைகளிலிருந்து பெருகிய நீரை வீட்டடியில் இருந்த மலக்குழிகள் தாங்கவில்லை. எனவே, குழிகளை ஒழித்துக் கழிவை மழைநீர்ச் சாக்கடைகளில் விடுமாறு அதிகாரிகள் பணித்தனர். அச்சாக்கடைகள் தேம்ஸ் ஆற்றிற் கலந்தன. அவ்வாற்று நீரையே மக்களுட் பலர் பருகினர்! 1848, 1849ஆம் ஆண்டுகளில் பரவிய வாந்திபேதி அந்நகரில் 14,000 பேருக்கு மேல் மாய்த்தது.

தீநாற்றக் காற்றே நோய்க்குக் காரணம் என அக்கால மருத்துவர் பலர் நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் குடிநீரே காரணம் என்று வாதிட்டார். 1854இல் பிராடு தெருப் பகுதியில் இறந்தோர் எந்த அடிகுழாயின் நீரைப் பருகினர் என்று ஆராய்ந்தும் காட்டினார். அதனைப் பலரும் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்தினுள்ளே புகுந்தது. திரைச்சீலைகளை வெளுப்புத்தூள் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறிற்று. ஆயிரம் ஆயிரமாக ஏழையர் இறந்தபோது அசையாத மன்றம், தன் மூக்கைத் துளைத்தபோது அசைந்தது!

பொறியாளர் ஜோசப் பேசல்கெட் 82 மைல் நீளமுள்ள பெருங்கால்வாய்களை நிலத்தடியில் அமைத்துக் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றார். 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தது. கால்வாய் முடிந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. பணி முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனில் 5,000 பேருக்கு மேல் மாண்டனர்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு முதல் கோடிக்கணக்கான கழிப்பறைகள் எழுந்துள்ளன. இது போற்றத்தக்கதே. ஆனால், நிலத்தடிக் கால்வாய் இல்லாத ஊர்களில் கழிவு தொட்டியிலேயே தங்குகிறது. தொட்டி நிறைந்தால் யாது செய்வது? காப்புக் கருவிகளின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும், நச்சுக் காற்றால் தொழிலாளர் உயிரிழந்த செய்திகள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றன. எந்திரம் வந்து இறைக்க வழியுண்டா, இறைத்ததைச் சுத்திகரிக்க நிலையம் உண்டா என்னும் இவ்விரண்டையும், கழிப்பறைக்கு முதற் செங்கல் வைக்கும் முன்னரே வீட்டாரும் ஊராட்சியும் கேட்டறிதல் வேண்டும்.