நகையும் வெகுளியும்

சினந்து பாடுவோனை உண்மையாளன் என்றும், சிரிக்கப் பாடுவோனை விளையாட்டுப் பிள்ளை என்றும் கருதுவது கற்றோர் பலரின் வழக்கம். இது பொருந்தாது என்பதை மேனாட்டு இசைக்குழு ஒன்றன் வரலாறு கொண்டு ஈண்டு காட்ட முயல்கின்றோம்.

'பங்க் ராக்' என்பது சில சுரக்கூட்டுகளையே துணைக்கொண்டு விரைவும் பேரொலியுமாக இசைக்கப்படுவது. 1976-ஐ ஒட்டி அஃது இங்கிலாந்தில் பரவியபோது, இளைஞரின் வெகுளியே அதன் உயிராயிருந்தது. அவ்விசையில் வெகுளியை நீக்கி நகையை நிறுத்தியவர் 'டாய் டால்ஸ்' குழுவினர். 1979-இல் சண்டர்லாந்து நகரில் தோன்றிய இம்மூவர் குழுவில் வந்தோரும் போனோரும் பலர். ஓல்கா எனப் பெயர் பூண்ட மைக்கேல் அல்கர் ஒருவரே தொடக்கமுதல் நிலைத்தவர். பம்பாய்க்கு வந்த சர்க்கஸ் யானையைப் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சிறுவர் பாட்டொன்றை இவர்கள் விரைநடையிற் பாட, அது 1984 டிசம்பரில் பிரிட்டனின் விற்பனை வரிசையில் நான்காம் இடம் எய்தியது.

அஃது எத்தகைய காலம்? அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிவுறாத காலம். சண்டர்லாந்தோ கரியும் கப்பற்றொழிலும் வளர்த்த ஊர். அண்டை வீட்டில் அடுப்பெரியாதபோது யானைப்பாட்டுத் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே எம் விடை. துயருற்றோர்க்கு அவர் துயரையே திருப்பிப் பாடுதல் மட்டும் தொண்டாகாது. சிரிக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும்வரை மனிதன் முற்றுந் தோற்றவனல்லன். அவ்வூர் வியர்மவுத் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது, பாட்டு மூடப்படவில்லை.

இவர்தம் பாட்டிற் சில எள்ளலின் எல்லை கடந்தன. அவற்றை யாம் போற்றோம். ஆயினும், நகைப்போர் பயிலாதோர் என்பது பிழை. பாக் என்னும் ஜெர்மானிய இசைப்புலவரின் டொக்காட்டாவைக் கிதாரில் மின்னல் விரைவில் மீட்டும் ஓல்காவின் விரல்கள் நெடுநாட் பயிற்சிக்குச் சான்று. வெகுளிக்குப் பெயர்பெற்ற 'கிளாஷ்' குழு 1986-இல் கலைந்தது. டாய் டால்ஸோ 2019-இல் பதின்மூன்றாம் இசைத்தொகுதியை வெளியிட்டது.

வெகுளி வேண்டா என்பது எம் கருத்தன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் வெகுளியை ஏழாவதாகவும் வைத்தார். வைப்புமுறையே உயர்வைக் காட்டுமென யாம் வாதியோம். இரண்டும் ஒருநிரையில் நிற்பன என்பதே போதும்.

மாணவ நண்பர்காள்! விழா மேடையில் நகை நாடகம் நடத்தும் தோழனைக் கோமாளி என ஒதுக்குமுன், சபையை அழவைத்தல் எளிதோ, சிரிக்கவைத்தல் எளிதோ என ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.